ஆப்னி பூங்கா இடுகாட்டு வாயில் இல்லங்கள்

ஆப்னி பூங்கா இடுகாட்டு வாயில் இல்லங்கள் என்பன இங்கிலாந்தின் இலண்டன் நகரில், ஸ்டோக் நியூவிங்டன் பகுதியில் உள்ள ஆப்னி பூங்கா இடுகாட்டின் முதன்மை நுழைவாயிலின் இருபுறமும் அமைந்த இரு கட்டிடங்கள் ஆகும். 1840 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவை எகிப்திய மறுமலர்ச்சிப் பாணியில் அமைந்தவை.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் தேவாலய இடுகாடுகள் நிரம்பி வழிந்தன. இதனால் 1833க்கும் 1841க்கும் இடையில் நகரின் புறப்பகுதிகளில் ஏழு பெரிய தனியார் இடுகாடுகள் உருவாயின. ஆப்னி பூங்கா அவற்றுள் ஒன்று. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத கிறித்தவர்கள் திருச்சபை இடுகாடுகளில் தமது சடங்குகளின்படி அடக்கம் செய்ய 1880 ஆம் ஆண்டுச் சட்டம் வரை இயலவில்லை. அத்தகையோரே இந்த இடுகாட்டை நிறுவினர். எனினும் எப்பிரிவினரும் இங்கு அடக்கம் செய்யப்பட இடமிருந்தது. நிலம் ஆயரால் புனிதப்படுத்தப்படவில்லை. ஆகவே, பிற இடுகாடுகளில் இருந்தது போல, பிரிவுகளுக்கு இடையே எல்லை வகுக்கப்படவும் இல்லை.

கட்டிடக்கலை

வாயிலை வடிவமைத்தவர் கட்டிடக்கலைஞர் வில்லியம் ஹோஸ்கிங். எகிப்தியக் கலையில் தேர்ந்த இளைய ஜோசப் பொனோமி அவருக்கு உதவினார். மேலே செல்லச் செல்லக் குறுகும் தூண்களும், உட்குழிவான மேல்விளிம்புகளும் எகிப்தியக் கோயில் வாயில்களை நினைவூட்டுகின்றன. இல்லங்களின் மீது பொனோமி அமைத்த படவெழுத்துகள், 'மனிதனின் அழியும் பகுதி உறையும் இடம்' என்னும் பொருள் தருவன.

அக்காலத்தில் கோதிக் பாணி திருச்சபையோடு நெருங்கிய தொடர்புடையதாகக் கருதப்பட்டது. எகிப்தியப் பாணியோ எந்தக் கிறித்தவப் பிரிவுக்கும் உரியதன்று. கோதிக் பாணியின் ஆதரவாளரான அ. வெ. பியூஜின் 1843 இல் வெளியிட்ட நூலில், இத்தகைய எகிப்திய இடுகாட்டு வாயில்களைக் கேலிச் சித்திரமாக வரைந்து எள்ளி நகையாடினார்.

பயன்பாடு

விக்டோரியா கால இடுகாடுகளில் வாயில் இல்லம் வெறும் அலங்காரம் அன்று. கண்காணிப்பாளர் அல்லது வாயிற்காவலர் அங்குத் தங்குவது வழக்கம். இரவில் கதவடைப்பதும், சவ ஊர்திகளை வரவேற்பதும் அவர்களின் பணிகள். உடற்கூறியல் பயிற்சிக்காகப் பிணங்கள் திருடப்பட்ட காலம் மக்கள் நினைவை விட்டு அகலாதிருந்ததால், காவலுள்ள வாயில் உறவினருக்கு ஆறுதல் அளித்தது.

பிற்கால வரலாறு

சேமப்படை நிறுவனர் வில்லியம் பூத் 1912 இல் இங்கு அடக்கம் செய்யப்பட்டார். 1970களில் இடுகாட்டு நிறுவனம் நலிவடைந்தது. பின்னர் இடுகாடு ஹாக்னி உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பில் வந்தது. பராமரிப்பின்றிக் காடாக வளர்ந்திருந்த இவ்விடம் 1993 இல் உள்ளூர் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.