யாரு தொவைக்கிறது?

மகள் பிறப்பதற்கு ஒரு மாதம் இருக்கும்போது 24 துணி நாப்கின்கள் வாங்கி வந்தேன். பொறியியல் படித்தவன் என்பதால் கணக்கும் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாளைக்குப் பத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மெஷின், கையிருப்பு நான்கு. எக்செல்லில் பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. பாட்டியிடம் காட்டினேன். அவர் ஒரு துணியை எடுத்து விரலால் நெருடிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு. யாரு தொவைக்கிறது?”

“மெஷின்தான் பாட்டி.”

“மெஷின்ல யாரு போடுறது?”

என்னிடம் பதில் இல்லை. துணி நாப்கினின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஐந்து பிள்ளைகள். மூத்தவர் பிறந்தது 1962-இல். நாப்கின் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பழைய வேட்டி, நைந்த சேலை, கோதுமை மாவு வந்த சாக்குத் துணி. “புதுத் துணி மூத்திரத்த குடிக்காதுடா. பழசாவணும்” என்பார். அது உண்மைதான். புதுப் பருத்தியில் இயற்கையான மெழுகும் நெசவுக்குப் போட்ட கஞ்சியும் இருக்கும். பலமுறை துவைத்து அவை போன பிறகுதான் இழை தண்ணீரை நன்றாக உறிஞ்சும். இன்று வாங்கும் துணி நாப்கினையும் பயன்படுத்துவதற்கு முன் சிலமுறை துவைக்கச் சொல்வது இதனால்தான். துணியை மிருதுவாக்கும் திரவத்தைச் சேர்க்கக்கூடாது என்பதற்கும் இதே காரணம். அது இழைமேல் படிந்துகொண்டு உறிஞ்சவிடாது.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு முன்னால் பிள்ளையையும் துணி மூட்டையையும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு ஆயா, பல பிள்ளைகள். வெட்டி முடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மத்தியானமாகிவிடும். பிள்ளையோடு ஈரத்துணி மூட்டையும் கைக்கு வரும். பிறகு பொதுக்குழாயில் வரிசை. முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். “மொதல்லயே சுடுதண்ணி ஊத்துனா கறை புடிச்சிக்கும்.” சூட்டில் புரதம் உறைந்து இழையில் ஒட்டிக்கொள்ளும் என்று இதை நான் பாடமாகப் படித்திருக்கிறேன். அலசிய துணிக்குச் சவுக்காரம் போட்டுக் கல்லில் அடித்து, மண்ணெண்ணெய் டின்னில் அவித்து, வெயிலில் கம்பியில் போட வேண்டும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காய வைத்ததால் பிள்ளைகள் எல்லாம் புகை வாசம் அடிப்பார்களாம்.

“சரியா அலசலன்னா ஸ்டோர் வாசம் வரும்” என்று ஒருநாள் பாட்டி சொன்னார். அந்த வாசம் அம்மோனியா. ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்பார்கள். குழந்தையின் சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது வெளிவருவதும் அதேதான். காலையில் பாலிலும் மத்தியானம் துணியிலும் பாட்டி முகர்ந்தது ஒரே மூலக்கூறைத்தான்.

இந்த மூலக்கூறு மருத்துவர்களையும் அலைக்கழித்திருக்கிறது. 1921-இல் ஜே. வி. குக் என்ற அமெரிக்க மருத்துவர், நாப்கின் போடும் இடத்தில் வரும் புண்ணுக்கு அம்மோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவே காரணம் என்று எழுதினார். துணியைக் கிருமிநாசினியில் நனைப்பது அதற்கு வைத்தியமானது. பாதரச உப்பும் அதில் ஒன்று. அதே வழக்கத்தின் தொடர்ச்சிபோல, 1980 வாக்கில் புவெனஸ் அயர்ஸில் ஒரு நாப்கின் சலவை நிறுவனம் பாதரசக் கலவை உள்ள பூஞ்சைக்கொல்லியைப் பயன்படுத்தியதில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் தோல் வழியாகப் பாதரசம் உடலுக்குள் போனது. அம்மோனியா நேரடிக் குற்றவாளி அல்ல, அது காரத்தன்மையைக் கூட்டி மலத்தில் இருக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது என்ற விளக்கம் 1980களில்தான் வலுப்பெற்றது. ஈரம் பட்டதும் மாற்று, நன்றாக அலசு, வெயிலில் காயவை. இவ்வளவுதான் மருந்து. ஆனால், பிள்ளை கொட்டகையிலும் தாய் நிரையிலும் இருக்கும்போது ‘பட்டதும் மாற்றுவது’ யார்?

பாட்டியைத் தொட்டதுபோல் இந்த வரலாறு ரப்பரையும் தொடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேற்கு நாடுகளில் துணி நாப்கினுக்கு மேல் ரப்பர் ஜட்டி போடுவார்கள். படுக்கை நனையாது, ஆனால் காற்றுப் புகாமல் தோல் வெந்துபோகும். உலகச் சந்தைக்குப் போன ரப்பரில் பெரும்பங்கு அப்போது மலாயாவிலிருந்து போனது. எங்கோ ஒரு குழந்தையின் மெத்தையை நனையாமல் காத்த ரப்பரை வெட்டிய பெண்ணின் பிள்ளை, இங்கே நனைந்த சாக்குத் துணியில் கிடந்திருக்கிறது. கிராணியின் புத்தகத்தில் அவள் கொண்டுவந்த பாலின் எடை ஏறும். அவள் துவைத்த துணிக்கு அதில் பத்தி கிடையாது.

ரப்பர் ஜட்டிக்கு மாற்றைக் கண்டுபிடித்தவர் மரியன் டோனவன் என்ற அமெரிக்கத் தாய். 1946-இல் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, நீர் கசியாத மேலுறை ஒன்றைச் செய்தார். 1951-இல் காப்புரிமை கிடைத்தது. பத்து லட்சம் டாலருக்கு அதை விற்றார். அடுத்ததாகத் தூக்கியெறியும் காகித நாப்கினோடு நிறுவனங்களை அணுகியபோது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகள் கழித்து, பிராக்டர் அண்ட் கேம்பிளில் வேலை செய்த விக்டர் மில்ஸ் என்ற வேதிப் பொறியாளர், பேரக்குழந்தைக்குத் துணி மாற்றும் வேலையை வெறுத்து அதே யோசனையைக் கையில் எடுத்தார். 1961-இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் பம்பர்ஸ் சோதனை விற்பனைக்கு வந்தது. ஒன்று பத்து சென்ட். விலை கட்டுப்படியாகவில்லை என்று மக்கள் வாங்கவில்லை. விலையைக் குறைத்த பிறகே அது வீடுகளுக்குள் நுழைந்தது. நம் ஊரில் எந்த நிறுவனம் செய்தாலும் அதற்குப் பெயர் ‘பம்பர்ஸ்’தான்.

பம்பர்ஸ் பூமிக்குப் பாரம் என்பதுதான் நான் துணியைத் தேர்ந்தெடுக்கக் காரணம். 2008-இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுக் காலத்தில் தூக்கியெறியும் நாப்கினால் வரும் கரியமில வாயுக் கணக்கு சுமார் 550 கிலோ. துணிக்குச் சுமார் 570. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வெயிலில் காயப்போட்டு, மெஷினை முழுதாக நிரப்பி, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கில் சுமார் 200 கிலோ குறையும். மின் உலர்த்தியையும் அதிகச் சூட்டையும் நம்பினால் ஏறிவிடும். துணி நல்லதா கெட்டதா என்பதைத் துணி முடிவு செய்வதில்லை, துவைக்கும் விதமே முடிவு செய்கிறது. பாட்டி ஐந்து பிள்ளைகளுக்கும் துணியை வெயிலில் காயப்போட்டது அந்த ஆய்வும் சொல்லும் முறைதான்.

மின்சாரம், தண்ணீர், பருத்தி, குப்பைமேடு எல்லாவற்றுக்கும் அந்த ஆய்வில் எண் இருக்கிறது. துவைப்பவரின் நேரத்துக்கு இல்லை. என் எக்செல்லிலும் இல்லை. தோட்டத்து வரலாற்றைப் படிக்கும்போதும் இதே ஓட்டையைப் பார்க்கிறேன். சம்பளம், வேலைநிறுத்தம், கள்ளுக்கடை, துண்டாடல் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறோம். ஒரு தலைமுறையின் துணியை மாற்றிய ஆயாக்களைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்? பாட்டிக்குத் தன் தோட்டத்துத் துரைகள் மூன்று பேரின் பெயர் இன்னும் நினைவிருக்கிறது. ஆயாவின் பெயரைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “ஆயான்னுதான் கூப்பிடுவோம்” என்றார்.

மகள் பிறந்து முதல் மூன்று வாரம் என் மனைவிதான் துவைத்தாள். பிரசவ உடம்போடு. ‘இயற்கையாக வளர்க்கிறோம்’ என்று நண்பர்களிடம் நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ஒரு இரவு குளியலறை வாசலில் வாளியோடு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாட்டியின் கேள்விக்கு என் வீட்டின் பதில் அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

இப்போது வாளி என் பொறுப்பு. வேலைக்குக் கிளம்பும் முன் அலசி, மெஷினில் போட்டு, பால்கனிக் கம்பியில் காயப்போடுகிறேன். இரவிலும் வெளியே போகும்போதும் பம்பர்ஸ்தான். அதில் எங்களுக்கு வெட்கமில்லை. முதல் நாள் நான் காயப்போட்டதைப் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டெல்லாம் இல்லை.

“ஒதறிப் போடுடா. சுருக்கத்தோட காஞ்சா பிள்ளைக்கு உறுத்தும்.”

உதறிப் போட்டேன்.