ஒரு சதவீதத்தின் கதை

எனக்கு ரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் எட்டு ஒரு சதவீதத்துக்கும் கீழே. தீவிர ஹீமோபிலியா. 1970களில் ஆற்காட்டுப் பக்கம் வளர்ந்த என் போன்ற பையன்களுக்கு வைத்தியத்தின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை பிழைக்க வேண்டும். முட்டி வீங்கினால் ஐஸ் ஒத்தடம், கட்டு, படுக்கை. ரொம்ப மோசமானால் ரத்தம் ஏற்றுவார்கள். வீக்கம் வடிந்ததும் அம்மா திருஷ்டி கழித்துப் போடுவாள். உள்ளே ரத்தம் கசிந்து மூட்டு அரிபட்டுக்கொண்டே போனது யார் கண்ணுக்கும் படவில்லை.

ஸ்வீடனில் மால்மோ நகரத்து மருத்துவர் இங்கா மேரி நில்சனின் கண்ணுக்கு அது முன்பே பட்டுவிட்டது. ஒன்று முதல் ஐந்து சதவீதம் ஃபாக்டர் உள்ளவர்களுக்கு மூட்டு அவ்வளவாகக் கெடுவதில்லை. அப்படியானால் என் போன்றவனையும் அந்த ஒன்றுக்கு மேலே தூக்கிவிட்டால்? 1958இலேயே, ரத்தம் கசியக் காத்திராமல், முன்கூட்டியே ஃபாக்டர் ஏற்றும் முறையை ஆரம்பித்துவிட்டார்கள். நூறு வேண்டாம், ஒன்று போதும்! இவ்வளவு சிக்கனமான யோசனை உலகம் சுற்றி வர அரை நூற்றாண்டு ஆனது.

காரணம் விலை, பிறகு பயம். 1964இல் அமெரிக்காவில் ஜூடித் பூல், உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கி அடியில் தங்கும் ஃபாக்டர் எட்டு செறிந்த வண்டலை, கிரையோவை, எடுத்தார். ரத்த வங்கியிலேயே தயாரித்துவிடலாம். பிறகு வந்த ஃபாக்டர் பொடியை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ள முடிந்தது. ஆனால் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து செய்த பொடி அது. 1980களில் எச்.ஐ.வி. அதன் வழியே புகுந்து, வசதியான நாடுகளில் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போனது. நோக்கம் மறுபடியும் உயிர் பிழைப்பதில் வந்து நின்றது. அந்தப் பொடியை வாங்க எங்களுக்கு வக்கில்லை. வறுமைக்கும் நன்றி சொல்ல வேண்டியிருந்த காலம்.

முன்கூட்டியே ஏற்றுவதா வேண்டாமா என்ற வாதத்தை 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வுதான் முடித்தது. முன்கூட்டியே ஃபாக்டர் பெற்ற சிறுவர்களில் 93 சதவீதத்தினருக்கு ஆறு வயதில் எம்.ஆர்.ஐ. படத்தில் மூட்டுகள் நன்றாக இருந்தன. ரத்தம் கசிந்த பிறகு பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குத்தான். 2020இல் வேலூர் சி.எம்.சி.யின் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் வந்த உலக வழிகாட்டி நெறிகள், தீவிர நோயாளிகளுக்கு முன்தடுப்பே முறையான சிகிச்சை என்றன. அந்த ஒரு சதவீதமும் பழங்கதையாகிவிட்டது. மூன்று, ஐந்து என்று பேசுகிறார்கள். 2024இல் அதே வேலூரிலிருந்து மரபணு சிகிச்சையின் முடிவும் வந்தது. ஐந்து பேர், கண்காணித்த காலம் வரை ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

என் முட்டிக்கு இவை எதுவும் உதவாது. எனக்கு இனி வலியில்லாமல் படியேற முடிந்தால் சரி. போன தடவை ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பொடியன் கபடி ஆடலாமா என்று கேட்டான். டாக்டர் நீச்சல் என்றார். "அப்போ கிரிக்கெட்?" என்றான். என் முறை வந்தும் பேரம் முடியவில்லை.