ஏரும் பத்திரமும்

பாலஸ்தீனப் பிணக்கை யூதருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே ஆதிகாலந்தொட்டு நடந்துவரும் மதப்பகை என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிடுவோர் நம்மிடையே அநேகர். சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. நாசரேத்துக்குத் தெற்கே, அரேபியர் மர்ஜ் இப்னு ஆமிர் என்றும் யூதர் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு என்றும் அழைக்கும் கரிசல் சமவெளி ஒன்று பரந்து கிடக்கிறது. அந்த மண் கைமாறிய வரலாற்றை அறிந்தவர்க்கு இப்பிணக்கின் வேர் எங்கே ஊன்றியது என்பது விளங்கிவிடும்.

1858-ஆம் ஆண்டில் துருக்கி சுல்தானின் சர்க்கார் ஒரு நிலச் சட்டம் செய்தது. அதற்கு முன் பாலஸ்தீனத்தின் பல கிராமங்களில் நிலம் ஊருக்குப் பொதுவாயிருந்து, முஷா என்ற வழக்கப்படி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்களுக்குள் பங்கு மாற்றி உழப்பட்டு வந்தது. புதிய சட்டமோ நிலத்தை ஒருவர் பெயரில் பதியச் சொல்லிற்று. பெயரைக் கொடுத்தால் வரி தண்டுபவனும் பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பவனும் வாசலில் வந்து நிற்பார்கள் என்று அஞ்சிய குடியானவர்களில் பலர் பதியாமலே இருந்துவிட, வேறு சிலர் செல்வாக்குள்ள பெரிய மனிதர்களின் பெயரில் எழுதிவைத்தனர். 1870-களில் பெய்ரூட் நகரத்து வர்த்தகர்களான சுர்சுக் குடும்பத்தார் இச்சமவெளியில் பெரும் பகுதியைச் சர்க்காரிடமே கிரயம் பெற்றனர். உழுதவன் தன் பாட்டன் உழுத மண்ணையே உழுது வாரம் அளந்து வந்தான். பத்திரம் பெய்ரூட்டில் இருந்தது.

1881-க்குப் பின் ருஷ்யாவில் யூதர் மீது அடுக்கடுக்காகக் கொலையும் கொள்ளையும் நிகழ்ந்தன; 1897-இல் பாசல் நகரில் தியோடர் ஹெர்ட்சல் கூட்டிய மகாநாடு, யூதருக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தாயகம் வேண்டுமென்று தீர்மானித்தது. ஐரோப்பாவில் நிற்க நிழலற்றுப் போன ஒரு ஜனசமூகம், தன் முன்னோர் வாழ்ந்த, தன் பிரார்த்தனைகளில் நாள்தோறும் நினைத்த பூமியை நாடியதைப் பேராசை என்பது அநீதி. ஆயினும் 1901-இல் தோன்றிய யூத தேசிய நிதி, தான் வாங்கும் நிலம் யூத ஜனங்களுக்கே என்றென்றும் உரியது, மீண்டும் விற்கத்தக்கதன்று என்று விதித்துக்கொண்டது. பழைய வாரக்குடிக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

1910-இல் இலியாஸ் சுர்சுக், அல்-பூலா என்ற கிராமத்தை விற்க இசைந்தார். நாசரேத்தின் மாவட்ட அதிகாரியாயிருந்த ஷுக்ரி அல்-அசலி பத்திரத்தை ஒப்படைக்க மறுத்ததோடு, சிலுவைப்போர்க் காலத்துக் கோட்டையின் இடிபாடு கிடந்த அவ்வூரைக் காக்க, சலாஹுத்தீன் என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் எழுதினார். மேலதிகாரிகளின் உத்தரவுக்கு முன் அம்மறுப்பு நிலைக்கவில்லை. குடியானவர்கள் வெளியேற, அங்கே மெர்ஹாவியா என்ற யூதக் குடியேற்றம் எழுந்தது. கிரயத்தில் சட்டப்பிழை இல்லை, விலையும் கொடுக்கப்பட்டது. உழுதவனை மட்டும் யாரும் கேட்கவில்லை.

1917-இல் பிரிட்டிஷ் மந்திரி பால்பர், பத்தில் ஒருவரே ஏறக்குறைய யூதராயிருந்த அந்நாட்டில் யூதருக்கொரு தேசிய இல்லம் அமைவதை ஆதரித்துக் கடிதம் எழுதினார். மற்றவர்களுக்குச் சிவில் உரிமையும் மத உரிமையும் பழுதுறா என்ற அக்கடிதம், அவர்களுடைய அரசியல் உரிமையைப் பற்றி மௌனம் சாதித்தது. பின்னர் ஹிட்லர் அறுபது லட்சம் யூதரைக் கொன்றொழித்தான். 1947-இல் ஐக்கிய நாடுகள் சபை நாட்டைப் பிரிக்க முடிவு செய்தபோது, ஜனத்தொகையில் மூன்றிலொரு பங்கும் கிரயம் பெற்ற நிலத்தில் சுமார் 7 சதவீதமும் உடைய யூதருக்குப் பாதிக்கு மேற்பட்ட பூமி ஒதுக்கப்பட்டது. இந்தியா அதை எதிர்த்து வாக்களித்தது. தொடர்ந்த யுத்தத்தில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட அரேபியர் வீடிழந்தனர். அடுத்த ஆண்டுகளில் ஈராக், யேமன் முதலிய நாடுகளிலிருந்து யூதர் லட்சக்கணக்கில் பெயர்ந்து வந்தனர். 1950-இல் இஸ்ரேல் இயற்றிய சட்டம், ஊரைவிட்டு ஓடியவனை ‘இல்லாதவன்’ என்று கூறி அவன் நிலத்தை எடுத்துக்கொண்டது.

1967-இல் மேற்குக் கரை இஸ்ரேலின் கைக்குள் வந்தபோது, அங்கே மூன்றிலொரு பங்கு நிலத்துக்கே ஒழுங்கான பதிவு முடிந்திருந்தது. மறு ஆண்டிலேயே இராணுவ உத்தரவு அவ்வேலையை நிறுத்திற்று. 1979-இல் எலோன் மோரே வழக்கில், தனியார் நிலத்தில் குடியேற்றம் அமைத்தது செல்லாதென்று இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அந்த அரசாங்கம் தேடியெடுத்த ஆயுதம் 1858-ஆம் ஆண்டுச் சட்டமே! தொடர்ந்து மூன்றாண்டு உழாத நிலம் சர்க்காருக்குத் திரும்பும் என்ற சுல்தானின் விதி, இறந்த சாம்ராஜ்யத்தின் புதைகுழியிலிருந்து எழுந்துவந்து, பாலஸ்தீனியரின் மலைச்சரிவுகளை அரசாங்க நிலமாக்கிற்று. 1993-இல் ஆஸ்லோ உடன்படிக்கை கையெழுத்தானபோது, கிழக்கு ஜெருசலம் நீங்கலாக, ஒரு லட்சத்துக்குச் சற்று மேலாயிருந்த குடியேறிகள் இன்று சுமார் ஐந்து லட்சம்.

சமாதானத்துக்கு வழியே இல்லையென்று நான் நம்பவில்லை. 1967-இல் கைப்பற்றிய பூமியைவிட்டு விலகி, அகதிகளுக்கு நியாயமான தீர்வு கண்டு, பாலஸ்தீன ராஜ்யத்துக்கும் இடந்தந்தால் இஸ்ரேலோடு நல்லுறவு கொள்வோம் என்று அரபு லீக் 2002-இல் பெய்ரூட்டிலேயே முன்வைத்த யோசனை இன்னும் உயிரோடிருக்கிறது. 2023 அக்டோபர் 7-ஆம் நாள் ஹமாஸ் இஸ்ரேலியரைக் கொன்று குவித்த கொடுமைக்கும், அதன்பின் காஸாவில் பல்லாயிரவர் மடிந்த பேரழிவுக்கும் பிறகு, இரு சாராரிடமும் அதைக் கேட்கும் செவி குறைந்துவிட்டதென்னவோ மெய்தான். ஆனால் எந்த உடன்படிக்கையும், தன் நிலம் நாளை தன்னுடையதாயிராது என்றஞ்சும் குடியானவனைக் கொண்டு நிலைத்ததில்லை. ஆகவே இனி வரும் பேச்சில் முதல் நாளே குடியேற்றங்கள் நிற்கவேண்டும். மேற்குக் கரையில் 1968-இல் நின்றுபோன நிலப்பதிவு நடுநிலையாளர் மேற்பார்வையில் முடிக்கப்படவேண்டும். இழந்த நிலத்துக்கு ஈடோ மீட்போ இன்னதென்று இரு தரப்பு அகதிகளுக்கும் எழுத்தில் சொல்லப்படவேண்டும்.