தலை திரும்பாத குழந்தை

மனிதன் தலையால் உலகிற் புகுவதும், இறந்தபின் கால் முன்னாக வீட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்லப்படுவதுமே இயற்கையும் வழக்கமும் வகுத்த ஒழுங்கு என்று உரோமப் பேரறிஞர் பிளினி கி. பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அந்த ஒழுங்கு மாறிக் காலால் பிறந்தவருக்கு 'அகிரிப்பா' என்னும் பெயர் இடப்பட்டதென்றும், 'வருந்திப் பிறந்தவன்' என்பதே அதன் பொருள் என்றும் அவர் விளக்கினார். கொடுங்கோலன் நீரோவும் காலாலேயே பிறந்தான் என்று அவன் தாய் அகிரிப்பினா எழுதியிருந்ததை அவர் எடுத்துக்காட்டத் தவறவில்லை. பெயருக்கு அவர் கூறிய பொருள் சரியோ பிழையோ, அது ஒருபுறமிருக்க, மாறிப் பிறந்த பிள்ளையிடம் மாறான குணத்தைத் தேடும் வழக்கம் பிளினியுடன் மறைந்துவிடவில்லை.

கருவுற்ற ஏழாம் மாதத்திலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை தலை மேலாகவும் பிட்டம் கீழாகவுமே கிடக்கின்றது. இடம் சுருங்கச் சுருங்க அது தானாகவே புரண்டு தலையைக் கீழே கொண்டுவந்து விடுகின்றது. பேறுகாலம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு குழந்தைகளே திரும்பாமல் எஞ்சுகின்றன. 'பிள்ளை இன்னும் தலை திரும்பவில்லை' என்னும் சொல் குடும்பத்தைக் கலங்கச் செய்வது இக்காலத்திலேதான்.

அந்தக் கலக்கத்திற்குத் தக்க காரணமும் உண்டு. குழந்தையின் உடலில் மிகப் பெரியதும் மிகக் கடினமானதும் தலையே. தலை முன்னாக வரும் பிரசவத்தில் அது பல மணி நேரம் மெல்ல மெல்ல அமுங்கி, தாயின் இடுப்பெலும்பின் வளையத்துக்கு ஏற்ப உருமாறி வழியைத் திறந்துவிடும். அதன்பின் உடல் வழுகி வருவதில் பெருந்தடை இராது. பிட்டம் முன்னாக வரும்போதோ சிறிய பகுதிகள் முதலில் வந்துவிடுகின்றன. தலை கடைசியில் நிற்கின்றது. உருமாறுவதற்கு அதற்கு நேரமில்லை. அவ்வேளை தலைக்கும் எலும்புக்கும் இடையில் தொப்புட்கொடி நெரிபடுகின்றது. குழந்தை இன்னும் மூச்செடுக்கவில்லை. கொடிவழி வந்த இரத்தமும் தடைப்படுகின்றது. சில நிமிடங்களே கையிலுள்ளன. அவசரப்பட்டு இழுத்தாலோ, குழந்தையின் கைகள் மேலே உயர்ந்து தலையோடு சேர்ந்து மாட்டிக்கொள்கின்றன. பொறுத்தால் மூச்சுத் திணறல், இழுத்தால் காயம். பிட்டப் பிரசவத்தின் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியைத் தேடிய வரலாறே.

பழைய வைத்தியர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சுசுருத சங்கிதை மாறி வரும் குழந்தையை எடுக்கும் முறைகளை வகைப்படுத்திக் கூறுகின்றது. இரு கால்களும் வந்தால் நேரே இழுக்கலாம். ஒரு கால் மட்டும் வந்தால் மற்றக் காலையும் நீட்டிய பின்னரே இழுக்கவேண்டும். பிட்டம் வந்தால் அதனை மேலே தள்ளிக் கால்களை நீட்டி எடுக்கவேண்டும் என்பது அதன் விதி. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமிலே தொழில் செய்த கிரேக்க வைத்தியர் சொரேனசும் மருத்துவிச்சிகளுக்கு இத்தகைய அறிவுரைகளை எழுதினார். 1668இல் பிரான்சிய வைத்தியர் மோரிசோ வெளியிட்ட நூலோடு ஒரு கைமுறையும் பரவிற்று. குழந்தையின் உடலை வைத்தியர் தம் முன்கையின்மேற் கிடத்தி, ஒரு கையின் விரலால் அதன் முகத்தைத் தாழ்த்தி, மறு கையைத் தோள்களின்மேல் வைத்து, தலையை வளைந்த நிலையிலே வெளிக்கொணர்வது அம்முறை. சிறு மாற்றத்தோடு அவருடைய பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் பெயர் தாங்கி நிற்கும் வைத்திய முறைகள் அதிகமில்லை.

இக்காலமெல்லாம் பிரசவ அறையில் எழுந்த கேள்வி, எப்படி எடுப்பது என்பது ஒன்றே. எவ்வழியாக எடுப்பது என்று முன்கூட்டித் தீர்மானிப்பதற்கு வேறு வழி இருக்கவில்லை. 1859ஆம் ஆண்டு ஜனவரி 27ஆந் திகதி பேர்லினில் நிகழ்ந்த ஒரு பிரசவம் அந்நிலையைத் தெளிவாகக் காட்டும். பெற்றவள் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள், பிரசிய இளவரசரின் மனைவி, வயது பதினெட்டு. வலி முதல் நாளிரவே தொடங்கிவிட்டது. பேர்லினின் தலைசிறந்த மகப்பேற்று வைத்தியரான எட்வார்ட் மார்ட்டினுக்கு எழுதிய கடிதம் ஆள்வசம் அனுப்பப்படாமல் தபாலிற் சேர்க்கப்பட்டதனால், அவர் அரண்மனைக்கு வந்து சேரப் பல மணி நேரம் தாமதமாயிற்று. இங்கிலாந்திலிருந்து மகாராணி அனுப்பிய சேர் ஜேம்ஸ் கிளார்க் மயக்கத்திற்குக் குளோரோபோம் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையோ பிட்டத்தால் வந்துகொண்டிருந்தது. அதன் இடக்கை தலையோடு மேலே உயர்ந்திருந்தது. தொப்புட்கொடியின் துடிப்புத் தளர்வதை உணர்ந்த மார்ட்டின் அக்கையைக் கீழே இறக்கி, உடலைத் திருப்பி, மற்றக் கையையும் விடுவித்து, தலையை எடுத்தார். குழந்தை அசைவற்றுக் கிடந்தது. நெடுநேரம் தேய்த்தும் தட்டியும் அழவைத்தனர்.

அக்குழந்தையே பின்னாளில் ஜேர்மனியை ஆண்ட கைசர் இரண்டாம் வில்லியம். சில நாட்களின் பின்னரே அதன் இடக்கை அசையாதது கண்டறியப்பட்டது. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டுச் சேதமுற்றிருந்தன. புதிதாகக் கொன்ற முயலின் உடலுக்குள் கையை வைப்பதும், மின்சாரம் பாய்ச்சுவதும், கழுத்தை நிமிர்த்த இயந்திரம் பூட்டுவதுமாகச் சிறு பிராயம் முழுவதும் சிகிச்சை நடந்தது. வளர்ந்தபோது அந்தக் கை மற்றதைவிட ஏறக்குறைய 15 சென்றிமீற்றர் குட்டையாயிருந்தது. அந்தக் கையிலிருந்தே கைசரின் செருக்கும், அச்செருக்கிலிருந்து 1914ஆம் ஆண்டின் போரும் பிறந்தன என்று கூறுவோர் உளர். இது பிளினியின் அகிரிப்பாக் கதையை நினைவூட்டும் எளிய விளக்கம். மார்ட்டின் அன்று தயங்கியிருந்தால் குழந்தை உயிரோடு பிறந்திருக்குமா என்பதே முதலிற் கேட்கப்பட வேண்டியது. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தல் அக்காலத்தில் தாய்க்குப் பெரும்பாலும் மரண தண்டனையாகவே முடிந்தது. அரசகுமாரிக்கு அதனை எந்த வைத்தியரும் எண்ணியும் பார்த்திரார்.

அந்நிலை அடுத்த எழுபது ஆண்டுகளில் மாறிற்று. 1882இல் ஜேர்மானிய வைத்தியர் சேங்கர் கருப்பையின் காயத்தை ஒழுங்காகத் தைத்து மூடும் முறையை வெளியிட்டார். 1920களில் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறை கிளாஸ்கோவில் மன்றோ கெர் என்பவரின் முயற்சியால் வலுப்பெற்றது. இரத்தம் ஏற்றுதலும் பெனிசிலினும் பின்னர் வந்து சேர்ந்தன. சிசேரியன் சத்திரசிகிச்சை தெரிந்தெடுக்கத்தக்க ஒரு வழியாயிற்று. அதே காலத்தில் கைத்திறனும் மெருகேறிற்று என்பது சுவையான செய்தி. நோர்வே வைத்தியர் லோவ்செட், உடலை அரைவட்டமாகச் சுழற்றி உயர்ந்த கையைத் தானாகவே இறங்கச் செய்யும் முறையை 1930களில் விளக்கினார். ஜேர்மானியரான பிராக்ட் இழுத்தலையே தவிர்க்கும் முறையைக் கற்பித்தார். கடைசியில் வரும் தலைக்கென்றே வளைத்துச் செய்த இடுக்கி ஆயுதத்தை அமெரிக்க வைத்தியர் பைப்பர் ஆக்கினார்.

இரு வழிகள் திறந்த பின்னரே தீர்மானம் என்னும் சுமை பிறந்தது. 1959இல் அமெரிக்க வைத்தியர் ரைட் என்பவர், பேறுகாலம் நிறைந்த பிட்டக் குழந்தைகள் யாவற்றையும் சத்திரசிகிச்சையாலேயே எடுக்கலாம் என்று எழுதினார். பலர் அதனை மிகையென்றே கருதினர். 1965இல் சற்றுச்னி, அண்ட்ரோஸ் என்னும் இருவர், தாய் முன்பு பெற்ற பிள்ளைகள், குழந்தையின் நிறை, கருப்பை வாயின் விரிவு முதலியவற்றுக்குப் புள்ளியிட்டு முடிவுசெய்யும் முறையை வகுத்தனர். இடுப்பெலும்பை எக்ஸ் கதிர்ப் படத்தால் அளப்பதும் வழக்கமாயிருந்தது. வயிற்றிலிருக்கும்போது அக்கதிர் பட்ட பிள்ளைகளிடையே புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதை 1956இல் அலிஸ் ஸ்ருவேட் என்னும் பெண் வைத்தியர் வெளிப்படுத்திய பின், அதன்மீது ஐயம் விழுந்தது.

மூன்றாவது வழியொன்றும் பழங்காலந்தொட்டு இருந்து வந்தது. தாயின் வயிற்றின்மேல் கைவைத்து, வெளியிலிருந்தே குழந்தையைப் புரட்டிவிடுதல் அது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனைப் பேறுகாலத்துக்குப் பல வாரங்கள் முன்னரே செய்தனர். சிலவேளை தாயை மயக்கியும் செய்தனர். குழந்தைகள் இறந்த செய்திகள் வெளிவரவே 1970களில் பலர் இதனைக் கைவிட்டனர். 1980களில் அது வேறு முறையில் மீண்டும் வந்தது. இப்போது 36 அல்லது 37 வாரம் நிறைந்த பின்னர், மயக்கமின்றி, கருப்பையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்தவாறே, சத்திரசிகிச்சைக்கு வசதியுள்ள வைத்தியசாலையிலே செய்யப்படுகின்றது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது பலிக்கின்றது. உடனடியாகச் சத்திரசிகிச்சை செய்ய நேர்வது இருநூறில் ஒருவருக்கே. எளிமையான இவ்வழி பல தாய்மாருக்குச் சொல்லப்படாமலே போவது வருந்தத்தக்கது.

திரும்பாத குழந்தையை எப்படிப் பெறுவது என்ற வழக்கைத் தீர்ப்பதற்குக் கனடாவின் ரொறன்ரோ நகரில் மேரி ஹானா என்னும் வைத்தியரின் தலைமையில் பேராராய்ச்சியொன்று தொடங்கிற்று. 26 நாடுகளின் 121 வைத்தியசாலைகளில் 2,088 தாய்மார், சீட்டுக் குலுக்கியது போல, இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றினருக்குத் திட்டமிட்ட சத்திரசிகிச்சை. மற்றக் கூற்றினருக்கு இயல்பான பிரசவ முயற்சி. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. இறந்த அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள், சத்திரசிகிச்சைக் கூற்றில் 1,039இல் 17. மற்றக் கூற்றில் 1,039இல் 52. இறப்பு மட்டும் 3க்கு 13.

வைத்திய வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி இத்துணை விரைவாக உலக வழக்கத்தை மாற்றியது அரிது. ஒல்லாந்தில் பிட்டக் குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சை இரண்டே மாதங்களில் நூற்றுக்கு 50இலிருந்து 80 ஆயிற்று. அங்கு குழந்தை இறப்பும் நூற்றுக்கு 0.35இலிருந்து 0.18 ஆகக் குறைந்தது. அதே நாட்டில் 2000 முதல் 2002 வரை, இதே காரணத்துக்காகத் திட்டமிட்டுச் செய்த சத்திரசிகிச்சையின் பின் நான்கு தாய்மார் இறந்தனர் என்ற கணக்கும் பின்னர் வெளியாயிற்று. இரண்டு கணக்கையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி இவ்விடயம் விளங்காது.

ஆராய்ச்சியின் மீதும் கேள்விகள் எழுந்தன. தேர்ந்த கைகள் எல்லாப் பிரசவங்களிலும் இருந்தனவா? தகுதியற்ற தாய்மாரும் சேர்க்கப்பட்டனரா? 2004இல் வந்த முடிவு மேலும் சிந்திக்க வைத்தது. இரு வயது நிரம்பும்வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளிடையே இறப்பும் வளர்ச்சிக் குறைவும் இரு கூற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன: நூற்றுக்கு 3.1, 2.8. 2006இல் பிரான்சு, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 8,105 தாய்மாரைக் கவனித்த ஆராய்ச்சி, கண்டிப்பாகத் தெரிந்தெடுத்து, பழகிய கைகளிடம் ஒப்படைத்தால் இரு வழிக்கும் வேறுபாடு மிகச் சிறிது என்று கண்டது. அவ்வாண்டே அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரியும் 2001இல் தான் கூறிய கண்டிப்பான முடிவைத் தளர்த்தி, வைத்தியரின் அனுபவத்துக்கும் தாயின் விருப்பத்துக்கும் இடமளித்தது.

இலண்டன் அரச மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட கணக்கு தாயொருத்தியின் முன் வைக்கத்தக்கது. 39 வாரத்தின்பின் சத்திரசிகிச்சையால் எடுத்தால் இறக்கும் குழந்தை 2,000இல் ஒன்று. பிட்டம் முன்னாகப் பெற முயன்றால் 1,000இல் இரண்டு. தலை முன்னாகக் கிடந்து இயல்பாகப் பெற முயன்றால் 1,000இல் ஒன்று. முதற் கணக்கைக் கண்டதும் சத்திரசிகிச்சையே என்று முடிவுசெய்யத் தோன்றும். ஆனால் கருப்பையில் விழும் தழும்பு அடுத்த பிள்ளைக்கும் அதற்கடுத்த பிள்ளைக்கும் உரியது. தழும்பின்மேல் நச்சுக்கொடி வேரூன்றிப் பெரும் இரத்தப்போக்கு உண்டாதலும், வலியின்போது தழும்பு பிரிதலும் அரியவையாயினும் கொடியவை. ஒரே பிள்ளையோடு நிறுத்த எண்ணுபவளுக்கும், நான்கு பிள்ளை வேண்டுபவளுக்கும், நல்ல வைத்தியசாலைக்கு அரை நாள் வழியிலுள்ள கிராமத்தில் அடுத்த பிரசவத்தை எதிர்நோக்குபவளுக்கும் ஒரே விடை பொருந்தாது. 2000ஆம் ஆண்டின் ஆராய்ச்சியிலேயே, சிசு மரணம் மிகுந்த நாடுகளில் சத்திரசிகிச்சையால் வந்த நன்மை, ஏனைய நாடுகளிற் கண்டதைவிடக் குறைவாயிருந்தது.

இதனிடையே மற்றொரு மாற்றம் சத்தமின்றி நிகழ்ந்தது. பிட்டப் பிரசவங்கள் அருகவே, அவற்றைப் பார்த்துப் பழகும் வாய்ப்பும் இளம் வைத்தியருக்கு அருகிற்று. தாய் இயல்பான பிரசவத்தை விரும்பினாலும், அதற்குரிய கைகள் அந்த வைத்தியசாலையில் உண்டா என்பதே இன்று முதற் கேள்வி. ஜேர்மனியின் பிராங்பேர்ட் போன்ற சில இடங்களில், தாய் மல்லாந்து கிடவாமல் முழங்காலிலும் கைகளிலும் ஊன்றியிருந்து பெறும் முறையைப் பயின்று, 2017இல் அதன் பயனை வெளியிட்டனர். மற்ற இடங்களில் நாள் குறித்துச் சத்திரசிகிச்சைக்கு ஏற்பாடு செய்தாலும், குறித்த நாளுக்கு முந்திய இரவே வலியெடுத்து, வைத்தியசாலை வாயிலை அடையும்போது கால் வெளிவந்துவிட்ட தாய்மார் வந்துகொண்டேயிருக்கின்றனர். அவர்களை ஏற்பதற்காக இளம் வைத்தியரும் மருத்துவிச்சிகளும் பொம்மைகளை வைத்து மோரிசோவின் கைமுறையைப் பயில்கின்றனர். 1760 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிரான்சு முழுவதும் ஊரூராகச் சென்று ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு மருத்துவம் கற்பித்த மருத்துவிச்சி மதாம் டு கூத்ரே, துணியால் தைத்த தாயின் இடுப்பையும் அதனுள் எவ்வாறும் திருப்பி வைக்கத்தக்க துணிக் குழந்தையையும் தம்முடன் கொண்டு சென்றார். அவற்றுள் ஒன்று ரூவான் நகரத்து நூதனசாலையில் இன்றும் காட்சிக்கு இருக்கின்றது.