நீரும் நோயும்: வாந்திபேதியின் வரலாறு தரும் பாடம்

நெருப்பினால் வருங் கேட்டைக் கண் காண்கிறது. புயலினால் வருங் கேட்டைக் காது முன்னரே கேட்டுவிடுகிறது. ஆனால், தெளிந்த ஒரு செம்பு நீருக்குள்ளே ஒளிந்து வருங் கேட்டை எந்தப் புலனும் உணர்வதில்லை. இவ்வுண்மையை மனித குலம் அறிந்துகொள்ள நெடுங்காலஞ் சென்றது. அறிந்தவர் எடுத்துச் சொல்லியும் உலகம் அதனை ஏற்றுக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் சென்றன. அந்தத் தாமதத்துக்கு எண்ணற்ற உயிர்கள் விலையாகின. வாந்திபேதி என்னும் கொலரா நோயின் வரலாறே இதற்குச் சான்று. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, கிணற்று நீரை நம்பி வாழும் நமக்கு அதனாற் கிடைக்கும் பாடம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் புறப்பட்ட கதை

கங்கையாற்றின் கழிமுகப் பிரதேசத்திலே வாந்திபேதி மிகப் பழங் காலந்தொட்டே இருந்துவந்தது. 1817 ஆம் ஆண்டில் வங்காளத்து ஜெசோர் நகரில் அது கடுமையாகத் தோன்றி, அங்கிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டது. வணிகரின் கப்பல்களும், போர்ப் படைகளும், யாத்திரிகர் கூட்டங்களும் அதனை ஊரூராகக் கொண்டு சென்றன. சில ஆண்டுகளுக்குள் இலங்கை, தென்கிழக்காசியா, அரேபியா, பாரசீகம் ஆகிய நாடுகளை அது எட்டியது. 1831 இல் இங்கிலாந்திலும் கால் வைத்தது. காலையிலே திடமாக நடமாடியவன் கஞ்சித் தண்ணீர் போன்ற கழிச்சலினால் உடம்பு நீரெல்லாம் வற்றி, மாலைக்குள் மாண்டுபோவதைக் கண்டு மக்கள் நடுங்கினர்.

நமது நாட்டின் வரலாற்றிலும் இந்நோய் ஒரு துயரமான பக்கத்தை எழுதியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே சென்றனர். நல்ல நீரும் நிழலும் இல்லாத அவ்வழியில் வாந்திபேதி கண்டு மடிந்தோர் பலர். நோயைக் கொண்டு வருபவர் இவரே என்ற பழியும் இவர்கள் மேலேயே சுமத்தப்பட்டது. இவர்கள் குடிக்க நேர்ந்த நீரைப் பற்றிக் கேட்டவர் அக்காலத்திற் சிலரே.

கேளாமைக்குக் காரணமும் உண்டு. அழுகிய பொருள்களிலிருந்து எழும் துர்நாற்றமே நோயை உண்டாக்குகிறது என்பது அக்கால வைத்தியரின் கொள்கை. இக்கொள்கையை நம்பிய இலண்டன் நகர அதிகாரிகள், வீடுகளின் மலக்குழிகளை நாற்றம் நீங்குமாறு தேம்ஸ் நதிக்குள் கழுவிவிடச் செய்தனர். மக்கள் குடித்ததோ அதே தேம்ஸ் நதியின் நீர்! நல்லெண்ணத்துடன் செய்த காரியமே நோய்க்கு வழி திறந்துவிட்டது. அறிவு துணை செய்யாத நல்லெண்ணம் எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு இதனிலும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

ஒரு கிணறும் ஒரு வைத்தியரும்

இக்கொள்கையை ஐயுற்றவர் ஜோன் ஸ்னோ என்னும் இலண்டன் வைத்தியர். நாற்றத்தினால் நோய் வருமாயின் முதலில் நுரையீரல் அன்றோ பாதிக்கப்பட வேண்டும்? வயிறும் குடலும் முதலிற் பாதிக்கப்படுவதால், நோய்க்கான பொருள் வாய் வழியாகவே உட்செல்லுதல் வேண்டும் என அவர் வாதித்தார். 1849 இல் இதனை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கேட்டவர் சிலரே.

1854 ஆம் ஆண்டு ஆகத்து மாத முடிவில் இலண்டன் சோகோப் பகுதியில் நோய் வெடித்தது. பத்து நாட்களுக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஸ்னோ வீடு வீடாகச் சென்று இறந்தவர் எந்த நீரைக் குடித்தனர் என விசாரித்தார். பெரும்பாலோர் புறோட் வீதியிலிருந்த பம்புக் கிணற்று நீரையே குடித்திருந்தனர். அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐவரே இறந்தனர். அங்கே தனிக் கிணறு இருந்தது. பக்கத்து மதுச்சாலைத் தொழிலாளர் அக்கிணற்று நீரைத் தொடாமையால் தப்பினர். தொலைவில் ஆம்ஸ்டெட் என்னுமிடத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டியோ, அந்நீரின் சுவையை விரும்பித் தினமும் வரவழைத்துக் குடித்தமையால் இறந்தார். செத்தெம்பர் 7 ஆம் நாள் ஸ்னோ ஊர்ச் சபையார் முன் தம் சான்றுகளை வைத்தார். மறுநாட் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டார். தம் கருத்துக்குச் சாதகமான செய்தியை மிகைப்படுத்தாத இந்த நேர்மையே விஞ்ஞானியின் இலக்கணம். ஆனால் அவரிடம் வேறொரு பெரிய சான்றும் இருந்தது. தென் இலண்டனில் இரண்டு கம்பனிகள் ஒரே தெருக்களுக்கு நீர் வழங்கின. ஒன்று அழுக்குக் கலந்த இடத்தில் நதி நீரை எடுத்தது. மற்றது 1852 இல் நகரத்துக்கு மேலேயுள்ள தூய பகுதிக்கு மாறியிருந்தது. முதலாவது கம்பனியின் நீரைப் பெற்ற 10,000 வீடுகளுக்கு 315 பேர் இறந்தனர். மற்றதன் நீரைப் பெற்ற 10,000 வீடுகளுக்கு 37 பேரே இறந்தனர். காற்றும் நாற்றமும் இரு சாராருக்கும் ஒன்றே. வேறுபட்டது நீர் மட்டுமே.

ஸ்னோவின் கருத்தை மறுக்கவென்று புறப்பட்டவர் அவ்வூர்த் தேவாலயத்துக் குருவாகிய என்றி வைற்கெட். ஊராரை நன்கறிந்த அவர், விசாரித்துச் செல்லச் செல்ல ஸ்னோ கூறியதே மெய்யெனக் கண்டார். கிணற்றுக்கு எதிரேயிருந்த வீட்டில் ஒரு குழந்தை முதலில் நோயுற்றதையும், அதன் துணிகளைக் கழுவிய நீர் வீட்டு மலக்குழியில் ஊற்றப்பட்டதையும் கண்டுபிடித்தவர் அவரே. தோண்டிப் பார்த்தபோது, அக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடி தூரமும் இருக்கவில்லை.

கண்ணுக்குப் புலப்பட்ட கிருமி

அதே 1854 இல் இத்தாலியின் புளோரன்சு நகரில் பிலிப்போ பாச்சினி என்பவர், நோயினால் இறந்தோரின் குடலை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, எண்ணிறந்த நுண்ணுயிர்களைக் கண்டு எழுதினார். உலகம் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1965 ஆம் ஆண்டிலேதான் அக்கிருமியின் விஞ்ஞானப் பெயருடன் அவர் பெயரும் ஆண்டும் முறைப்படி சேர்க்கப்பட்டன.

பின்னர் வந்தவர் ஜேர்மானிய விஞ்ஞானி றொபேட் கொக். 1882 இல் காச நோய்க் கிருமியைக் கண்டறிந்து புகழ்பெற்ற அவர், 1883 இல் எகிப்துக்குச் சென்றார். அங்கே ஆராய்ச்சி செய்த பிரெஞ்சுக் குழுவில் இருந்த இளைஞர் லூயி துயிலியே, தாம் ஆராய வந்த நோய்க்கே இரையானார். கொக் கல்கத்தாவுக்குச் சென்று, காற்புள்ளி போல் வளைந்த பற்றீரியாவை நோயாளரிடத்திற் பிரித்தெடுத்தார். 1884 இல், மக்கள் குளிக்கவும் குடிக்கவும் துணி துவைக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலும் அதே கிருமியைக் கண்டார். ஸ்னோ ஊகித்தது முப்பது ஆண்டுகளின் பின் கண்ணுக்குப் புலனாயிற்று.

அப்போதும் ஐயம் முற்றாக நீங்கவில்லை. மியூனிக் நகரப் பேராசிரியர் பெற்றன்கோபர், கிருமி மட்டும் நோயை உண்டாக்காதெனக் காட்டும் பொருட்டு 1892 இல் கிருமி நிறைந்த நீரைத் தாமே குடித்து, சிறிது வயிற்றோட்டத்துடன் தப்பினார். அதே ஆண்டில் ஆம்பேர்க் நகரம் வேறு விடை கூறியது. வடிகட்டாத எல்பே நதி நீரைக் குடித்த அந்நகரில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். தெருவொன்றே எல்லையாக அடுத்திருந்த அல்ரோனா நகரமும் அதே நதியின் நீரையே குடித்தது; ஆனால் அங்கே நீர் மணற் படுக்கைகளினூடே வடிகட்டப்பட்டமையால் நோய் பெரிதாகப் பரவவில்லை.

வங்காளத்தின் விடை

கிருமி எவ்வாறு கொல்கிறது என்பது அதன் பின்னும் மறைபொருளாகவே இருந்தது. அதனை வெளிப்படுத்தியவர் நோயின் தாயகமாகிய வங்காளத்திலேயே பிறந்த சம்பு நாத் தே. போதிய வசதிகளற்ற கல்கத்தா ஆய்வுகூடத்தில், முயலின் குடலில் ஒரு பகுதியை நூலாற் கட்டி, அதனுட் கிருமியைச் செலுத்திச் சோதிக்கும் எளிய முறையொன்றை அவர் 1953 இல் வெளியிட்டார். கிருமியை முற்றாக வடித்து நீக்கிய திரவமும் அதே விளைவைத் தருவதை 1959 இல் நிறுவினார். கிருமி சுரக்கும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பது இதனால் வெளிப்பட்டது. வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த கௌரவம் மிகச் சிறிதே.

நோய் நீரை இழக்கச் செய்து கொல்லுமாயின், இழந்த நீரை மீட்டுக் கொடுத்தால் உயிர் பிழைக்குமன்றோ? உப்பையும் குளுக்கோசையும் சேர்த்து நீரிற் கரைத்துப் பருகக் கொடுத்தால், நோயுற்ற குடலும் அதனை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை 1960 களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்தோர் கண்டனர். 1971 இல் கிழக்குப் பாகித்தானிலிருந்து ஓடிவந்த அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில், ஊசி மூலம் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலநபிஸ் இக்கரைசலைப் பீப்பாய்களிற் கரைத்து, நோயாளரின் உறவினர் கையாலேயே குடிப்பிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நூற்றுக்கு நான்குக்குங் குறைவாயிற்று. நம் நாட்டில் 'ஜீவனி' என்ற பெயருடன் நாம் அறிந்த கரைசல் இதுவே. ஒரு தாய்க்குச் சொல்லிக் கொடுத்தால் அவளே செய்யக்கூடிய வைத்தியம் இது. இங்கே கல்வியே மருந்தாக நின்றது.

தாய்மொழியில் வந்த வைத்தியம்

இத்தகைய அறிவு மக்களைச் சென்றடைய மொழி வேண்டும். இதனை யாழ்ப்பாணத்தில் நன்குணர்ந்தவர் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அவர், 1873 வரை அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மாணவருக்கு மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியாலே தமிழில் வெளிவந்தன. அவர் வந்த நோக்கமும் நமது சமய நோக்கமும் வேறாயினும், விஞ்ஞானத்தைத் தமிழிலே கூற முடியும் என்பதைச் செய்து காட்டிய அப்பணியைப் பாராட்டாதிருத்தல் நன்றியன்று.

நமது கிணறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல் வெடிப்புகளினூடே நிலத்துள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அறியாதார் இலர். இந்நீரே நமது முதுசொம். ஆனால் எந்த வெடிப்பினூடே மழைநீர் இறங்குகிறதோ, அதனூடேயே மலக்குழியின் கழிவும், தோட்டத்து உரமும், எண்ணெய்க் கழிவும் இறங்குகின்றன. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு நட்டஈடு வழங்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நாம் அறிவோம்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி மடியும். குளோரின் இட்டாலும் மடியும். ஆனால் உரத்தினாலும் கழிவினாலும் சேரும் நைத்திரேற்று கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஓர் இலீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அளவுக்கு மிஞ்சினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். ஆகவே நீரை அசுத்தமாக்கிய பின் சுத்தஞ் செய்வதிலும், அசுத்தமாகாமற் காப்பதே அறிவு.

நீர்நிலைகளிலே மலசலங் கழித்தலை நமது ஆசார நூல்கள் பாவமென விலக்கின. கோயிற் கேணியைத் தீர்த்தமெனப் போற்றினோம். கிருமியைக் காணாத முன்னோர் காத்த ஒழுக்கத்தை, கிருமியைப் படத்திற் கண்ட நாம் கைவிடலாமா? அதே வேளையில், தீர்த்தம் என்ற பெயர் மட்டும் நீரைத் தூய்மையாக்கிவிடாது என்பதையும் கல்கத்தாக் குளம் நமக்குக் கற்பித்துள்ளது. பக்தியும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும்.

1961 இல் இந்தோனேசியாவிலே தொடங்கிய ஏழாவது உலகப் பரவல் இன்னும் ஓயவில்லை. போரினாற் சிதைந்த யேமன் நாட்டில் 2017 இல் மட்டும் பத்து இலட்சம் பேர் வரை இந்நோய்க்கு ஆளானதாகக் கணிக்கப்பட்டது. நீர் கெட்ட இடத்துக்கு நோய் இன்றும் வரும்.

வாலிப நண்பர்களே! புறோட் வீதியில் உண்மையைக் கண்டறிந்தவர்கள் ஒரு வைத்தியரும் ஒரு குருவானவருமே. அவர்கள் கையிலிருந்தவை குறிப்புப் புத்தகமும், ஊராரிடம் வினவும் பொறுமையுமேயாகும். நமது கிராமத்துக் கிணறு ஒவ்வொன்றுக்கும் அயலேயுள்ள மலக்குழி எவ்வளவு தூரம், அது அடித்தளம் இட்டுக் கட்டப்பட்டதா, கிணற்றுக்குக் கட்டு உண்டா, நீர் எப்போது சோதிக்கப்பட்டது என எழுதி வைக்க நமது சங்கத்து அங்கத்தவர் ஒரு சிலர் முன்வந்தாற் போதும். ஒரு கோடை விடுமுறையில் முடியக்கூடிய வேலை இது. கிணற்றைக் காப்பதும் இறைபணியே.