மடங்கிய விரல்களும் வேலூர் அறுவை மரபும்

தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கையை மருத்துவ உலகம் நெடுங்காலம் கைவிட்டிருந்தது. நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்து எழுபது ஆண்டுகள் சென்ற பின்னும், நோயாளியின் சதை தானாகவே அழுகி உதிர்கிறது, அதில் கத்தி வைத்தால் புண் ஆறாது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நிலைத்திருந்தது. அந்த எண்ணம் அசைந்த இடங்களுள் முதன்மையானது வேலூர். அசைத்தது புதிய மருந்து அன்று. கையின் நரம்புகள் எவ்வழியே ஓடுகின்றன, எந்தத் தசைக்கு எங்கே கிளை விடுகின்றன என்ற உடற்கூற்றறிவே.

கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் கடைசி நான்கு நரம்புவேர்களும் மார்புப் பகுதியின் முதல் வேரும் தோளருகே ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. இந்தப் பின்னலைப் புய நரம்புப் பின்னல் என்பர். அதிலிருந்து வரும் பெருநரம்புகளுள் மூன்று இங்கே முக்கியமானவை. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளுக்கு ரேடியல் நரம்பும், விரல்களை மடக்கும் முன்கைத் தசைகளில் பெரும்பாலானவற்றுக்கு நடுநரம்பாகிய மீடியனும் செல்கின்றன. மூன்றாவதாகிய அல்னார் நரம்பு முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால், தோலுக்குச் சற்றே அடியில் ஓடுகிறது. கதவுநிலையில் முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்று இழுப்பது இதனால்தான். முன்கையில் மிகச் சில தசைகளுக்கே கிளைவிடும் இந்நரம்பு, உள்ளங்கைக்குள் இருக்கும் சிறுதசைகளில் பெரும்பகுதியை ஆள்கிறது. மண்புழுவைப் போல் மெல்லியவையாதலின் புழுவடிவத் தசைகள் என்று பெயர்பெற்ற நான்கும் அச்சிறுதசைகளுள் அடங்கும். அவற்றுள் இரண்டு அல்னாருக்கும் இரண்டு மீடியனுக்கும் உரியவை. இச்சிறுதசைகள் விரலை அடிமூட்டில் மடக்கி, நுனிமூட்டுகளை நீட்டி வைக்கின்றன. இலையில் பிசைந்த சோற்றைக் கவளமாகச் சேர்த்து எடுக்கும்போது விரல்கள் கொள்ளும் வடிவம் இதுவே. இத்தசைகள் செயலிழந்தால் அடிமூட்டு பின்னுக்கு வளைய, நுனிமூட்டுகள் உள்ளே சுருண்டு, கை பறவையின் நகக்கால் போல் ஆகிவிடும்.

கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் அம்மலையிலேயே பிறந்த பால் பிராண்ட், லண்டனில் மருத்துவம் பயிலும் முன்பு கட்டட வேலையும் தச்சும் கற்றவர். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்த அவரை, தொழுநோய் அறிஞர் ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மடங்கிய விரல்களையுடைய ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றச் சொன்ன பிராண்ட், அந்தப் பிடி வலிக்கும் அளவுக்கு உறுதியாய் இருந்தது கண்டு வியந்தார். உணர்வற்ற, உருக்குலைந்த கையில் இத்தனை வலு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே பின்வந்த ஆய்வு அனைத்துக்கும் தொடக்கம்.

இறந்த நோயாளியின் உடலைக் கூறாய்ந்து நரம்புகளை முழு நீளமும் பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. நோய் நரம்பை ஒருசீராகத் தாக்கவில்லை. அல்னார் முழங்கைக்குச் சற்று மேலும், மீடியன் மணிக்கட்டுக்குச் சற்று மேலும், அதாவது தோலை ஒட்டி ஓடும் இடங்களில் மட்டுமே தடித்து வீங்கியிருந்தன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் செழிப்பது என்பதால் இந்த அமைப்பு பொருளுள்ளதாயிற்று. விரலை மடக்கும் முன்கைத் தசைகளுக்கு மீடியன் விடும் கிளைகள் முழங்கையருகே, நோய் தாக்கும் இடத்துக்கு வெகு மேலேயே பிரிந்துவிடுகின்றன. ஆகவே அத்தசைகள் நலமாயிருந்தன. நோயாளியின் பிடியில் இருந்த வலு அவற்றினுடையதே.

நலமான தசை கையிலேயே இருக்கும்போது அதன் வேலையை மாற்றித் தரலாம் என்பது அடுத்த படி. தசையை எலும்போடு இணைக்கும் வெண்ணிறக் கயிறு தசைநாண் எனப்படும். கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலையும் மடக்க மேலொன்றும் ஆழத்தில் ஒன்றுமாக இரண்டு நாண்கள் இருப்பதால், மேல்நாணை எடுத்துவிட்டாலும் விரல் மடங்கும். போரில் காயம்பட்ட கைகளுக்கும் இளம்பிள்ளைவாதத்துக்கும் மேலைநாட்டினர் செய்துவந்த நாண்மாற்று முறையை பிராண்ட் 1948 வாக்கில் தொழுநோய்க் கைக்குக் கொண்டுவந்தார். மேல்நாணை விரலில் அறுத்து, கீற்றுகளாகப் பிளந்து, செயலிழந்த சிறுதசைகளின் வழியாகவே செலுத்தி விரலின் பக்கத்தில் தைத்தனர். மாவுக்கட்டு பிரித்த பின்பே கடினமான பகுதி தொடங்கியது. முன்போல் நடுமூட்டை மடக்க நினைத்தால் இப்போது அடிமூட்டு மடங்கும் என்பதை நோயாளியின் மூளை புதிதாகப் பழக வேண்டியிருந்தது. ஆறாது என்று சொல்லப்பட்ட புண்கள் ஆறின.

சதை தானாக அழுகுகிறது என்ற நம்பிக்கையும் அதோடு தகர்ந்தது. துருவேறிய பூட்டைத் தம்மால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தும் அவன் அறியாதிருந்ததையும் பிராண்ட் பின்னாளில் எழுதினார். விரல்களை அழித்தது வலியின்மையே. அதனால் அறுவைக்குப் பின் தங்குவதற்கு வேலூரில் அமைந்த நவஜீவ நிலையத்தில், மரப்பொம்மை செய்யக் கற்பித்ததோடு, நாள்தோறும் கையைக் கண்ணால் பார்த்துக் காயம் தேடவும் பழக்கினர். தொழிலும் காவலும் சேர்ந்த இந்தப் பழக்கத்தை அறுவைக்கு நிகரான பணியாகவே மதிக்க வேண்டும்.

1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இக்கை அறுவையைக் கற்றுச் செய்தார். பின்னர் இந்திய மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியானார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தோன்றிய தொழுநோய் ஆய்வு மையம் இந்த மரபைத் தொடர்ந்தது. 1982-இல் உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியைக் கொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். ஆனால் முற்றாக மாண்ட நரம்பை எந்த மருந்தும் எழுப்புவதில்லை. எனவே தோலில் உணர்வற்ற தேமலோ, சுண்டுவிரலில் மரப்போ கண்டவர்கள் விரல் மடங்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.