விளையாடிய நாட்களைக் காப்பாற்றுதல்: பிளேஸ்டேஷனில் ஹார்ட் டிஸ்க் மாற்றுவது எப்படி?

ராத்தாவின் மகனுடைய பிளேஸ்டேஷன் 4 கத்தாரில் இருந்து வந்தது. மச்சான் விடுமுறையில் கல்முனைக்கு வரும்போதெல்லாம் வாப்பாவும் மகனும் ஒரே கால்பந்து அணியை வைத்து விளையாடுவார்கள். அவர் திரும்பிப் போன பிறகு மகன் அதே அணியைத் தனியாகக் கொண்டு போவான். இப்படி மூன்று விடுமுறைகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அண்மையில் அது அடிக்கடி இறுகி நிற்கத் தொடங்கியது. கடையில் காட்டினோம். "ஹார்ட் டிஸ்க் பழுதாகுது. புதுசு போடலாம், உள்ளுக்கு இருக்கிறது எல்லாம் போயிடும்" என்றார்கள்.

"மாமா, வாப்பாட டீமும் போயிடுமா?" என்று மருமகன் கேட்டான்.

போக வேண்டியதில்லை. டிஸ்க் முழுதாகச் சாவதற்கு முன் கவனித்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். நான் செய்த ஒழுங்கையே இங்கே எழுதுகிறேன்.

ஏன் பழுதாகிறது?

பிளேஸ்டேஷன் 4இல் இருப்பது சுழலும் தட்டுக் கொண்ட சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவு குழம்பலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் நாம் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மெஷின் "சரியாக நிறுத்தப்படவில்லை" என்று சொல்லித் தன் சேமிப்பைச் சோதித்துக்கொண்டே எழும்பும். அந்தச் செய்தி அடிக்கடி வந்தால், அன்றைக்கே சேவ்களைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

முதலில் சேவ், பிறகுதான் ஸ்குரூ டிரைவர்

கேம் 50 ஜிபி இருந்தாலும் அதைத் திரும்ப டவுன்லோட் செய்யலாம், இல்லாவிட்டால் டிஸ்க்கிலிருந்து இன்ஸ்டோல் செய்யலாம். சேவ் ஃபைல் பெரும்பாலும் சில எம்பிதான். ஆனால் அது உலகத்தில் ஒரே ஒரு பிரதி.

சேவ்கள் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கோடு கட்டப்பட்டவை. எங்கள் பக்கத்தில் கணக்கைப் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் மச்சானோ காக்காவோ திறந்து கொடுத்திருப்பார். அதன் ஈமெயிலும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அவருக்கு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு எடுங்கள். கணக்கே இல்லாமல் விளையாடியிருந்தால், பிரதி எடுக்கும் முன் ஒரு கணக்கைத் திறந்து அந்த யூசரோடு இணைத்துவிடுங்கள்.

பிறகு பென் டிரைவ் ஒன்றைச் செருகி, செட்டிங்ஸ், அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட், சேவ்டு டேட்டா இன் சிஸ்டம் ஸ்டோரேஜ், காப்பி டு யூஎஸ்பி என்ற வழியில் போங்கள். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட யூசர்கள் இருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாக லொகின் செய்து பிரதி எடுக்க வேண்டும். டிரோஃபிகள் இந்தப் பிரதியில் வராது. அவற்றை இணையத்தோடு ஒரு தடவை சிங்க் செய்யுங்கள். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா உள்ளவர்கள் சேவ்களை கிளவுடிலும் ஏற்றி வைக்கலாம்.

டிஸ்க் மாற்றுதல்

வாங்கும்போது கவனிக்க வேண்டியது தடிப்பு: 9.5 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. 7 மில்லிமீற்றர் எஸ்எஸ்டியும் பொருந்தும்; கேம் திறக்கும் நேரமும் குறையும்.

மின்வயரைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பழைய மாடலில் மேல்பக்கத்து மினுங்கும் மூடியைத் தள்ளித் திறக்க வேண்டும். ஸ்லிம், புரோ மாடல்களில் மூடி பின்பக்கம். டிஸ்க் கூட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூவில் பிளேஸ்டேஷன் குறியீடுகள் இருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

புதிய டிஸ்க் வெறுமையானது. கணினியில் சோனியின் தளத்திலிருந்து சிஸ்டம் சொஃப்ட்வெயரை இறக்கி, அங்கே சொல்லியிருக்கும் பெயரிலேயே ஃபோல்டர் அமைத்து, இன்னொரு பென் டிரைவில் போடுங்கள். அங்கே இரண்டு ஃபைல்கள் உண்டு. உங்களுக்குத் தேவை ரீஇன்ஸ்டோலேஷன் ஃபைல், ஏறக்குறைய 1 ஜிபி. சிறிய அப்டேட் ஃபைல் வேலை செய்யாது. பலர் தடக்கி விழும் இடம் இதுதான்.

பவர் பட்டனை இரண்டாவது பீப் சத்தம் வரை, ஏறக்குறைய 7 செக்கன், அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை வயரால் இணைத்து 7ஆவது தெரிவை எடுங்கள். முடிந்ததும் அதே கணக்கில் லொகின் செய்து சேவ்களைத் திரும்ப ஏற்றுங்கள். இந்த நேரத்தில் கரண்ட் போனால் திரும்பவும் முதலில் இருந்துதான். யூபிஎஸ் இருந்தால் இரவல் வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, 2017இல் இருந்து வெளி ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைத்துக் கேம்களைப் போடலாம். இடம் மட்டும் போதாதவர்களுக்கு அதுவே போதும். ஆனால் சேவ்கள் உள் டிஸ்க்கிலேயே தங்கும். வெளியே இருக்கிறது என்று நம்பி ஏமாறாதீர்கள்.

இரண்டு, பழைய டிஸ்க்கைக் கணினியில் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். அதிலுள்ளதைக் கணினியால் வாசிக்க முடியாததால்தான் அப்படிக் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லா சேவும் புதிதில் திறக்கும்வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மருமகனின் அணி திறந்தது. வீரர்கள், புள்ளிகள், எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தன. அவன் திரையைப் படமெடுத்துக் கத்தாருக்கு அனுப்பினான். அந்தப் பென் டிரைவை ராத்தா அடையாள அட்டைகள் வைக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.